முதல் இரவு எங்கே? கோத்தகிரிக்காரர் ஒருவரின் குடலிறக்க அறுவையும் இடத் தேர்வும்

நோயாளிக்கு 64 வயது. கோத்தகிரி வட்டத்தில் லயன் வீடு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும், பக்கத்துச் சிறு விவசாயிகளின் பச்சை இலை மூட்டைகளை எடைபோடும் இடம்வரை சுமந்து கொடுக்கிறார். ஒரு மூட்டை 25 கிலோவிலிருந்து 30 கிலோ வரும். நான்கு வருடமாக வலது தொடையிடுக்கில் வீக்கம். விடிந்ததும் இருக்காது, இரண்டு நடை சுமந்தால் இறங்கும், படுத்தால் தானே உள்ளே போய்விடும். ஆறு மாதமாக விதைப்பை வரைக்கும் இறங்குகிறது. ஊரில் இதையும் ஓதம் என்றே சொல்கிறார்கள். ஆனால் இது விதைப்பையில் நீர் கோப்பது அல்ல, குடலிறக்கம். மருந்தில் கரையாது, அறுவைதான் வழி.

இந்தப் பெரியவர் தனி ஒருவர் அல்லர். மலையிலிருந்து அறுவைக்காகக் கீழே இறங்குகிறவர்கள் பலருக்கு நேர்வதை ஒரே நோயாளியின் மேல் வைத்து எழுதியிருக்கிறோம். மருந்தளவுகளும் விதிகளும் நடைமுறையில் உள்ளவையே.

குடும்பத்தின் முன் மூன்று வழிகள் இருந்தன. குன்னூர் லாலி அரசு மருத்துவமனை அல்லது உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை: வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவு, செலவில்லை, இரண்டு மூன்று நாள் படுக்கை, ஆனால் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டாவது, கோவையில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனை: ஓரிரு இரவு தங்கல், ஐசியு, ரத்த வங்கி எல்லாம் ஒரே வளாகத்தில். மூன்றாவது, கோவையிலேயே ஒரு டே கேர் அறுவை மையம்: காலையில் சேர்ந்து மாலையில் வீடு. மகன் மூன்றாவதைத்தான் பிடித்துக்கொண்டார். விடியற்காலை நான்கு மணிக்கு வண்டி எடுத்தால் ஏழு மணிக்கு மையம், ஒன்பதுக்கு ஆபரேஷன், நான்கு மணிக்குக் கிளம்பினால் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்பா வீட்டில்.

மையத்தைத் தேர்ந்தெடுத்ததில் பெரிய பிழை இல்லை. அதே நாள் மலையேறலாம் என்று நினைத்ததுதான் பிழை.

மையத்தில் எது உண்டு, எது இல்லை

டே கேர் அறுவை புதுக் கண்டுபிடிப்பு அல்ல. கிளாஸ்கோவில் ஜேம்ஸ் நிக்கல் என்ற அறுவை மருத்துவர், ஏறக்குறைய ஒன்பதாயிரம் குழந்தைகளுக்கு அறுவை செய்து அன்றே வீட்டுக்கு அனுப்பியதை 1909இல் அறிக்கையாகத் தந்தார். மருத்துவமனையோடு ஒட்டாமல் தனியாக நிற்கும் மையம் 1970இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் தொடங்கியது. தொடங்கிய வாலஸ் ரீட், ஜான் ஃபோர்ட் இருவருமே மயக்க மருத்துவர்கள். நகரத்துக்காக உருவான ஏற்பாடு அது. ஏதாவது தவறினால் பெரிய மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கும் என்ற நம்பிக்கை அதன் அடித்தளம். மலைக்காரர்கள் அந்த ஏற்பாட்டுக்குள் நுழையும்போது இந்த அடித்தளத்தைத்தான் முதலில் தட்டிப் பார்க்க வேண்டும்.

நல்ல மையம் ஒன்றில் சுத்தமான தியேட்டர், மயக்க மருத்துவர், மானிட்டர், நின்ற இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் டிஃபிப்ரிலேட்டர், விழித்தெழும் அறை எல்லாம் இருக்கும். குடலிறக்கம், கண்புரை, சின்னக் கட்டி போன்ற ஒரே வகை வேலையைத் தினமும் செய்வதால் கை பழகியிருக்கும். நோய்த்தொற்று உள்ளவர்கள் படுத்திருக்கும் வார்டும் கிடையாது. வயிற்றுச் சுவரைத் தாண்டாத சுத்தமான அறுவைக்கு இது நல்ல இடம். இல்லாதவை: ஐசியு, ரத்த வங்கி, இரவில் விழித்திருக்கும் அறுவை மருத்துவர். பல மையங்கள் இரவு எட்டு மணிக்கு விளக்கணைத்துவிடும். அதன் பிறகு நோயாளிக்கு இருப்பது ஒரு தொலைபேசி எண்ணும், மையத்தோடு ஒப்பந்தம் உள்ள ஒரு மருத்துவமனையும்தான். ஆகவே அந்த மருத்துவமனையின் பெயரை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். "எந்த ஆஸ்பத்திரிக்கு வேணும்னாலும் அனுப்புவோம்" என்று பதில் வந்தால், ஒப்பந்தமே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு கேள்வியும் உண்டு. அறுக்கும் இடத்தை மட்டும் மரக்கவைக்கும் மரப்பு மருந்து தவறி ரத்தக் குழாயில் கலந்தாலோ அளவு மீறினாலோ வலிப்பு வரும், இதயத் துடிப்பு தடுமாறும். அதற்கான மாற்று மருந்து 20 சதவீதக் கொழுப்புக் கரைசல்; கிலோவுக்கு 1.5 மி.லி. உடனே செலுத்த வேண்டும். 62 கிலோ உள்ள இந்தப் பெரியவருக்கு 93 மி.லி. ஆகும். "அந்தப் பாட்டில் தியேட்டரிலேயே இருக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்பவர் தயங்காமல் ஆம் என்றால், மற்ற ஏற்பாடுகளும் பெரும்பாலும் ஒழுங்காக இருக்கும்.

நோயாளியின் உடல் என்ன சொன்னது

எடை 62 கிலோ, உயரம் 165 செ.மீ. சர்க்கரை ஒன்பது வருடம், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 7.6, மெட்ஃபார்மின் 500 மி.கி. இரு வேளை. ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டன் 40 மி.கி. நாளுக்கு ஐந்தாறு பீடி. ஈசிஜி, எக்கோ இரண்டிலும் குறையில்லை. தூக்கத்தில் மூச்சடைப்பு உண்டா என்று அறியும் ஸ்டாப் பேங் கேள்விகள் எட்டில் மூன்று மதிப்பெண். அதாவது நடுத்தர ஆபத்து. ஆண், ஐம்பது வயதுக்கு மேல், ரத்த அழுத்தம் என்ற மூன்றே அதைக் கொடுத்துவிடும் என்பதால், பெரிய குறட்டையோ பருத்த கழுத்தோ இல்லாத இவரை அதைக் காரணம் காட்டி மையத்திலிருந்து விலக்க வேண்டியதில்லை. ஐந்தோ அதற்கு மேலோ வந்திருந்தால் மருத்துவமனைதான். மூச்சைக் கவனிக்க முதல் இரவு ஆள் வேண்டும்.

ஸ்கேன் தாளின் அடியில் ஒரு வரி இருந்தது. சிறுநீர்ப்பையின் வாசலில் உள்ள புராஸ்டேட் சுரப்பி வீங்கி 38 சி.சி.; சிறுநீர் கழித்த பிறகும் பையில் 110 மி.லி. மிச்சம். இரவில் மூன்று முறை எழுந்திருக்கிறார். குளிருக்கு அப்படித்தான் என்று அவரே முடிவு கட்டிவிட்டதால் யாரிடமும் சொல்லவில்லை. மலையில் வயதான ஆண்கள் பெரும்பாலோர் இதையே சொல்வார்கள். மருத்துவர் கேட்டு வாங்கினால்தான் வெளியே வரும். குடலிறக்க அறுவைக்குப் பிறகு சிறுநீர் அடைத்துக்கொள்வது மரப்பு ஊசி மட்டும் போட்டுச் செய்தவர்களில் நூற்றில் ஒருவருக்கும் குறைவு. இடுப்புக்குக் கீழே முழுவதும் மரக்கவைக்கும் முதுகு ஊசியிலும் முழு மயக்கத்திலும் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர். புராஸ்டேட் வீக்கம் இருந்தால் எண்ணிக்கை இதையும் தாண்டும். அந்த ஒரு வரியை இடத் தேர்வோடு யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

திட்டம் இப்படி அமைந்தது: தொடையிடுக்கை மட்டும் மரக்கச் செய்து, திறந்த முறையில் 15 க்கு 7.5 செ.மீ. பாலிப்ரொப்பிலீன் வலை வைத்துத் தைப்பது. அட்ரினலின் கலந்த லிக்னோகெய்ன் கிலோவுக்கு 7 மி.கி. வரை போகலாம். இவருக்கு 434 மி.கி., அரை சதவீதக் கரைசலில் 86 மி.லி.; வழக்கமாகத் தேவைப்படுவது 40 முதல் 60 மி.லி. என்பதால் தாராளமாக இடம் இருந்தது. சின்னத் துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி வேண்டாம் என்றது சரியான முடிவு. அதற்கு முழு மயக்கம் தேவை. ஒரே பக்கம், முதல் முறை வந்த குடலிறக்கம், பீடி நெஞ்சு என்றிருக்கும்போது அதனால் கிடைக்கும் லாபம் குறைவு.

சாலை

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கி.மீ.; அங்கிருந்து கோவை ஏறக்குறைய 35 கி.மீ. கூட்டினால் 70க்குள்தான். ஆனால் நகர நெரிசலும் கொண்டை ஊசி வளைவுகளும் சேர்ந்தால் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. மே மாத சீசனில் மூன்று மணி நேரமும் ஆகும். வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து பாதை அடைபடுவதும் இங்கே பழகிய செய்தி. 2009 நவம்பரில் நீலகிரியில் நடந்த மண்சரிவுகளைப் பார்த்தவர்கள் அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் நாள் குறிக்கும்போதே யோசிப்பார்கள்.

டே கேர் அறுவையில் பழகிய விதி ஒன்று உண்டு. முதல் இரவு, அவசர சிகிச்சை தரும் மருத்துவமனையிலிருந்து நோயாளி ஒரு மணி நேரத் தொலைவுக்குள் இருக்க வேண்டும். வயது வந்த ஒருவர் 24 மணி நேரமும் கூட இருக்க வேண்டும். இரவில், மூடுபனியில், வண்டி கிடைத்து எவ்வளவு நேரம் ஆகும் என்பதுதான் இங்கே கணக்கு. இந்த வீட்டுக்கு வண்டி வராது. ரோட்டிலிருந்து லயனுக்கு 90 படி இறங்க வேண்டும். தொடையிடுக்கில் புதுத் தையலோடு ஒருவர் அந்தப் படிகளில் இறங்கலாம். ராத்திரி பத்தரைக்கு வலியோடு திரும்ப ஏற முடியாது. நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்க நான்கு பேர் வேண்டும். தேயிலைக்குள் காட்டெருமை நிற்கும் நேரம் வேறு. 108 ஆம்புலன்ஸ் ரோட்டில்தான் நிற்கும்.

வளைவுப் பாதைக்கே சொந்தமான தொல்லையும் உண்டு. மயக்க மருந்தின் குமட்டல் தீராதவரை மலைப்பாதையில் ஏற்றினால் வாந்தி நிச்சயம். ஒவ்வொரு வாந்தியும் இருமலும் வயிற்றுச் சுவரை உள்ளிருந்து முட்டும். தையலடியில் ரத்தம் கசிந்து விதைப்பை வீங்குவதற்கு அது ஒரு காரணம். முதுகு ஊசி போட்டவர்களுக்கு ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் ஒரு தலைவலி வரலாம்: எழுந்து உட்கார்ந்தால் மண்டை பிளக்கும், படுத்தால் விடும். 25 முதல் 27 கேஜ் வரையிலான மெல்லிய பென்சில் முனை ஊசியில் அது அரிது. வந்துவிட்டால் மூன்று மணி நேரம் உட்கார்ந்து பயணம் செய்ய முடியாது.

பெரியவரின் மகள் கோவைத் துடியலூரில் இருக்கிறார். மேட்டுப்பாளையம் ரோட்டின் மேலேயே வீடு. மையத்தின் ஒப்பந்த மருத்துவமனை இருபது நிமிடம். மயக்க மருத்துவர் மகளிடம் கேட்ட ஒரே கேள்வி, "ராத்திரி அப்பா எங்கேம்மா படுப்பாரு?" என்பதுதான். மலைக்கு என்றதும், "நாலு நாள் உங்க வீட்டுல வச்சுக்குங்க, இல்லன்னா ஆஸ்பத்திரியில போட்டுப் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டார். இந்த நிகழ்வில் நடந்த நல்ல காரியங்களில் முதலிடம் இதற்குத்தான். கீழே படுக்க இடம் இல்லாதிருந்தால் இவருக்குச் சரியான இடம் குன்னூர் அல்லது உதகை அரசு மருத்துவமனை, மையம் அல்ல. லாட்ஜில் அறை எடுக்கலாம் என்பார்கள். கூட இருப்பவர் ஊர் தெரிந்தவராக, கையில் வண்டியோடு இருந்தால் மட்டுமே அது உதவும்.

காப்பீடும் தாள்களும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் (ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை), அந்த மையம் திட்டத்தில் சேர்ந்திருக்கிறதா, சேர்ந்திருந்தால் இந்த அறுவைக்கு அனுமதி உண்டா என்ற இரண்டையும் தனித்தனியே கேட்க வேண்டும். கண் அறுவைக்கு மட்டும் சேர்ந்திருக்கும் மையங்கள் உண்டு. தனியார் காப்பீடாக இருந்தால், டே கேர் என்பதால் 24 மணி நேரப் படுக்கை கட்டாயமில்லை. ஆனால் பல பாலிசிகளில் குடலிறக்கத்துக்கு முதல் 24 மாதம் காத்திருப்புக் காலம் உண்டு.

மையம் தரும் மதிப்பீட்டுத் தாளில் வலையின் விலை, மயக்க மருத்துவர் கட்டணம், எதிர்பாராமல் மருத்துவமனைக்கு மாற்றினால் ஆகும் செலவு ஆகியவை சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னது பெரும்பாலும் சேர்ந்திருக்காது. விலை குறைவு என்று தோன்றுவதில் பாதி அங்கே கரைந்துவிடும். பில்லில் வலையின் பெட்டியிலுள்ள ஸ்டிக்கரை ஒட்டித் தரச் சொல்லுங்கள். பின்னாளில் அதே இடத்தில் தொல்லை வந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று அடுத்த மருத்துவருக்குத் தெரிய வேண்டும்.

முந்தின நாள்

திட உணவு அறுவைக்கு ஆறு மணி நேரம் முன்பே நிற்க வேண்டும். எண்ணெய்ச் சாப்பாடு, கறி என்றால் எட்டு மணி நேரம். தெளிந்த நீர் இரண்டு மணி நேரம் முன்புவரை குடிக்கலாம். மலையில் தகராறே டீயில்தான். விடியற்குளிரில் டீ குடிக்காமல் யாரும் வண்டி ஏறமாட்டார்கள். "வெறும் டீதானே" என்று மறைத்தும்விடுவார்கள். பால் சேர்ந்த டீ தெளிந்த நீர் அல்ல. அதற்கும் ஆறு மணி நேரக் கணக்குத்தான். பால் இல்லாத வரட்டீ சர்க்கரையோடு இருந்தாலும் இரண்டு மணி நேரம் முன்புவரை சரி. சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை இல்லாமல். இந்த ஒரு வரியை மையத்தின் அறிவுரைத் தாளில் தமிழில் அச்சிட்டால் தள்ளிப்போகும் அறுவைகள் குறையும்.

மெட்ஃபார்மின் முந்தின இரவு வரை, காலையில் வேண்டாம். சர்க்கரைக்கு டாபாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். பட்டினியோடு அது சேர்ந்தால் ரத்தத்தில் அமிலம் ஏறும், சர்க்கரை அளவோ இயல்பாகவே காட்டும். ரத்த அழுத்த மாத்திரையில் எல்லாம் ஒன்றல்ல. அம்லோடிபின் அன்று காலையும் ஒரு மிடறு தண்ணீரில் எடுக்கலாம். டெல்மிசார்ட்டன், எனலாப்ரில் போன்றவற்றை 24 மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்வதுதான் வழக்கம். இல்லையென்றால் மயக்கத்தில் அழுத்தம் சரிந்து விழும். மையத்திலிருந்து தொலைபேசியில் வந்த அறிவுரை, "பிபி மாத்திரையை மட்டும் போட்டுட்டு வாங்க". பெரியவர் சொன்னபடி செய்தார்.

அறுவையும் இரவும்

முந்தின நாளே துடியலூர் வந்து தங்கியாகிவிட்டது. காலை எட்டரைக்கு மேசையில் ஏறும் முன் நிற்கவைத்து இரும வைத்துப் பார்த்தார் அறுவை மருத்துவர். வீக்கம் விதைப்பையின் அடிவரை இறங்கி நின்றது. பத்து நாள் முன்பு வெளிநோயாளியாகப் பார்த்தபோது, காரில் சாய்ந்து படுத்தே வந்திருந்ததால் எல்லாம் உள்ளே போயிருந்தது. படுக்கவைத்தே பார்த்துச் சின்னது என்று குறித்திருந்தார்கள். விதைப்பை வரை இறங்கிய பெரிய குடலிறக்கத்துக்கு மரப்பு ஊசி மட்டும் போதாது. இறங்கிய குடலைச் சுற்றியுள்ள உள்ளுறையை இழுக்கும்போது வலி வயிற்றுக்குள் இருந்து வரும். எனவே முதுகு ஊசி: கனமான புபிவகெய்ன் 0.5 சதவீதம், 2 மி.லி. கீறலுக்கு முன் தொற்றைத் தடுக்கச் செஃபசோலின் 2 கிராம்.

ஊசி போட்ட பத்தாம் நிமிடம் ரத்த அழுத்தம் 84/50. டெல்மிசார்ட்டன் தன் வேலையைக் காட்டியது. மருந்தும் சலைனும் ஏற்றினார்கள். மதியத்துக்குள் 1,500 மி.லி. உள்ளே போனது. அறுவையில் சிக்கல் எதுவும் இல்லை. 55 நிமிடத்தில் முடிந்தது.

முதுகு ஊசியில் கால் முதலில் விழிக்கும், சிறுநீர்ப்பை கடைசியில். கால் ஆடுகிறது, நடக்கிறார் என்பதை வைத்துப் பையும் விழித்துவிட்டது என்று எண்ணக்கூடாது. அந்த நேரத்துக்குள் பை 500, 600 மி.லி. தாண்டி விரிந்துவிட்டால் தசை இழுபட்டுச் சுருங்கும் திறனை இழக்கும். உள்ளே ஒன்றரை லிட்டர் போயிருந்தது; வாசலில் 38 சி.சி. புராஸ்டேட் நின்றது. மாலை ஐந்து மணிக்குக் கொஞ்சம் போனார், 100 மி.லி. இருக்கும். தாளில் 'சிறுநீர் கழித்தார்' என்று டிக் விழுந்தது. ஐந்தரைக்கு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இரவு பத்தரைக்கு மகள் மையத்தின் எண்ணுக்குக் கூப்பிட்டார்: "சிஸ்டர், அப்பாவுக்கு அடிவயிறு கல்லு மாதிரி இருக்கு. சொட்டுச் சொட்டாத்தான் போகுது. வேர்த்துக் கொட்டுது."

"விடியட்டும்னு பார்க்காதீங்கம்மா. சொன்ன ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு இப்பவே கூட்டிட்டுப் போங்க, நான் அங்க பேசிடறேன்."

பதினொன்றேகாலுக்கு 16 அளவு டியூப் போட்டதும் 800 மி.லி. வடிந்தது. சிறுநீர்ப் பாதையைத் தளர்த்தும் டாம்சுலோசின் 0.4 மி.கி. அன்றிரவே தொடங்கினார்கள். மூன்றாம் நாள் காலை டியூபை எடுத்த பிறகு நன்றாகப் போனது. மிச்சம் 90 மி.லி.

எங்கே அறுந்தது

நான்கு கண்ணிகள். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சின்னது. நிற்கவைத்துப் பார்க்காததால் மரப்பு ஊசித் திட்டம் கடைசி நேரத்தில் முதுகு ஊசியானது. மாத்திரையின் பெயரைக் கேட்காமல் சொன்ன பொதுவான அறிவுரையால் அழுத்தம் விழுந்து சலைன் கூடியது. ஸ்கேன் தாளின் அடிவரியை யாரும் பொருட்படுத்தாததால் டாம்சுலோசின் முன்கூட்டியே தொடங்கப்படவில்லை. 100 மி.லி.யை நம்பி அனுப்பியதுதான் கடைசிக் கண்ணி, கனத்ததும் அதுதான். முதுகு ஊசி, வயது, புராஸ்டேட் மூன்றும் சேர்ந்த ஒருவரை அனுப்பும் முன் ஸ்கேன் கருவியை அடிவயிற்றில் இரண்டு நிமிடம் வைத்திருந்தால் தெரிந்திருக்கும். போன அளவு முக்கியமல்ல. உள்ளே நிற்கும் அளவுதான் முக்கியம். வடிகிற சொட்டு, நிரம்பி வழிகிற சொட்டாகவும் இருக்கலாம்.

வெளிநோயாளிச் சீட்டுக்குப் போகும்போது வீட்டாரும் ஒன்று செய்யலாம். வீக்கம் பெரிதாக இருக்கும் மாலை நேரத்தில் போனில் ஒரு படம் எடுத்துவையுங்கள். கூச்சம் வேண்டாம், மருத்துவருக்கு அந்தப் படம் ஒரு பரிசோதனைக்குச் சமம்.

இதே இரவு லயனில் நடந்திருந்தால்? டியூப் போடுவதற்குக் கோத்தகிரி அரசு மருத்துவமனையே போதும். கோவை வரை இறங்க வேண்டியதில்லை. ஆனால் 90 படியையும் பனியையும் பார்த்து, விடியட்டும் என்றுதான் வீட்டில் முடிவெடுத்திருப்பார்கள். ஏழு மணி நேரம் இழுபட்ட பை மூன்றாம் நாள் டியூபை எடுத்ததும் வேலை செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது. வாரக்கணக்கில் டியூபோடு இருப்பவர்கள் உண்டு. நடந்தது சிறுநீர் அடைப்பாக இல்லாமல், விதைப்பை நிமிடத்துக்கு நிமிடம் வீங்கும் ரத்தக்கசிவாக இருந்திருந்தால், தியேட்டரும் அறுவை மருத்துவரும் உள்ள குன்னூரோ உதகையோ போக வேண்டும். அதற்கு அந்தப் படிகளை உடனே ஏறியிருக்க வேண்டும்.

இடமே மாறும் வேறு நேர்வுகள்

பித்தப்பைக் கல்லுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. பித்தநாளம் விரிந்திருந்தாலோ, மஞ்சள் காமாலை ஒருமுறை வந்து போயிருந்தாலோ, நாளத்துக்குள்ளேயே கல் இருக்கலாம். வாய்வழியாகக் குழாய் விடும் எண்டோஸ்கோப்பி மூலம் அதை எடுக்கும் வசதி உள்ள மருத்துவமனைதான் வேண்டும். லேப்ராஸ்கோப்பியிலிருந்து திறந்த அறுவைக்கு மாற நேரலாம். பித்தக் கசிவு இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் முகம் காட்டும். கண்புரைக்கோ நேர் எதிர்: மையமே போதும், மருத்துவமனைப் படுக்கை வீண்.

கண்ணிலேயே வேறொரு அறுவை மலைக்காரர்களுக்கு ஆபத்தானது. பலருக்கு இது தெரியாது. விழித்திரை கழன்றதற்குச் செய்யும் அறுவையில் சிலருக்குக் கண்ணுக்குள் வாயு அடைத்து அனுப்புவார்கள். கோவை கடல் மட்டத்திலிருந்து 411 மீட்டர். உதகை சுமார் 2,240 மீட்டர். மேலே ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறையும். உதகைக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்த வாயு ஏறக்குறைய கால் பங்கு விரியப் பார்க்கும். கண் உருண்டை விரியாது. உள்ளழுத்தம் எகிறி விழித்திரைக்குப் போகும் ரத்தம் நின்றால் பார்வை போய்விடும். எஸ்எஃப்6 வாயு கரைய ஏறக்குறைய இரண்டு வாரம். சி3எஃப்8 என்றால் ஆறு முதல் எட்டு வாரம். அதுவரை கொடைக்கானல்காரர் வத்தலக்குண்டிலும் நீலகிரிக்காரர் மேட்டுப்பாளையத்திலுமே இருக்க வேண்டும். எந்த வாயு, எந்தத் தேதி வரை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நாட்களுக்குள் வேறு எதற்காவது மயக்கம் கொடுக்க நேர்ந்தால், நைட்ரஸ் ஆக்சைடு என்ற மயக்க வாயு கூடாது என்று முதலிலேயே சொல்ல வேண்டும். முகவரியைப் படிவத்தில் பார்த்தும் இந்த எச்சரிக்கையை யாராவது சொல்லாமல் விட்டால், நீங்களே கேளுங்கள்.

பழங்குடிக் குடும்பங்களிலிருந்து வருபவருக்கு ரத்தச் சிவப்பணு அரிவாள்போல் வளையும் கோளாறு உண்டா என்று அறியும் அரிவாள் அணு சோதனை செய்யாமல் எந்த மயக்கமும் வேண்டாம். இந்தியாவில் இந்த ரத்தக்கோளாறு முதன்முதலாக 1952இல் கண்டறியப்பட்டதே நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். லேமன், கட்புஷ் என்ற இருவர் கண்டறிந்தார்கள். குளிர், நீர் வறட்சி, ஆக்சிஜன் குறைவு மூன்றும் இந்த அணுக்களை வளைத்துக் குழாய்களை அடைக்கும். அறுவை நாள் இந்த மூன்றையும் ஒன்றாகக் கொண்டுவரும். நோய் இருப்பது உறுதியானால், அறுவை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் ரத்த வங்கியும் இரவுப் படுக்கையும் உள்ள மருத்துவமனையில்தான் செய்ய வேண்டும். சூடான போர்வையும் சூடாக்கிய சலைனும் உண்டா என்று முன்கூட்டியே கேட்கலாம்.

திரும்பிய பிறகு

ஆறாம் நாள் காலை, வெயில் ஏறிய பிறகு, பெரியவர் மலையேறினார். முன்சீட்டு, சாய்ந்த நிலை, இருமும்போதும் வளைவிலும் தையலின் மேல் ஒரு சின்னத் தலையணையை அழுத்திப் பிடித்துக்கொள்வது, குஞ்சப்பனையில் ஒரு நிறுத்தம். 90 படிகளையும் மெதுவாகத் தானே இறங்கினார். விதைப்பையில் நீலம் பாரித்திருப்பது இரண்டு வாரத்தில் மறையும். அதோடு வீக்கம் கூடினாலோ, காய்ச்சல் 100.4 டிகிரி தாண்டினாலோ, தையலில் சீழ் வந்தாலோ கோத்தகிரி அரசு மருத்துவமனையில் காட்ட வேண்டும். அதற்காகவே டிஸ்சார்ஜ் தாளின் நகலும் வலையின் ஸ்டிக்கரும் வீட்டுக் கதவுக்குப் பின்னால் பிளாஸ்டிக் உறையில் தொங்குகின்றன.

மலச்சிக்கல் வராமல் இரண்டு வாரம் மருந்து. பீடியின் இருமல் வலையின் ஓரத்தை ஒவ்வொரு நாளும் இழுக்கும் என்று சொன்ன பிறகு நாளுக்கு இரண்டாகக் குறைத்திருக்கிறார். முழுதாக விட இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நடப்பதற்குத் தடையில்லை. இலை மூட்டை ஆறு வாரத்துக்குப் பிறகு, அதுவும் முதலில் பத்து கிலோ. டாம்சுலோசின் தொடர்கிறது, மூன்று மாதத்தில் புராஸ்டேட்டுக்காகக் குன்னூரில் காட்டச் சீட்டு வாங்கியாகிவிட்டது.